கூகோல்: ஒன்றுக்குப் பின் நூறு சுழியம்

1 எழுதி அதன் பின்னால் 100 சுழியம் போட்டால் வரும் முழு எண்ணுக்குப் பெயர் கூகோல். மொத்தம் 101 இலக்கம். சுருக்கமாக 10¹⁰⁰.

இந்தச் சொல்லுக்குக் கிரேக்கத்திலோ லத்தீனிலோ வேர் தேட வேண்டாம், கிடைக்காது. 1920-ஐ ஒட்டி, கொலம்பியா பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் காஸ்னர் இந்த எண்ணுக்கு ஒரு பெயர் கேட்டபோது அவருடைய மருமகன், ஒன்பது வயதுச் சிறுவன் மில்டன் சிரோட்டா, வாயில் வந்ததைச் சொன்னான். 1940-இல் ஜேம்ஸ் நியூமனோடு சேர்ந்து எழுதிய நூலில் காஸ்னர் அதைச் சேர்க்க, சொல் நிலைத்துவிட்டது. கூகுள் நிறுவனத்தின் பெயரும் இதிலிருந்து வந்ததுதான்.

கூகோல் என்றாலே எல்லோரும் அதன் பருமனைத்தான் பேசுகிறார்கள். காணக்கூடிய அண்டத்தில் உள்ள அணுக்கள் ஏறக்குறைய 10⁸⁰ தான் என்பார்கள். சரி, அது உண்மைதான். ஆனால் எனக்கு இந்த எண்ணில் பிடித்தது வேறு: இத்தனை பெரிதாக இருந்தும் இதில் நமக்குத் தெரியாதது என்று அநேகமாக எதுவும் இல்லை. இதன் பகாக் காரணிகள் இரண்டே இரண்டு, 2-உம் 5-உம். நூறு 2, நூறு 5, எல்லாவற்றையும் பெருக்கினால் கூகோல். இதை மீதியின்றி வகுக்கும் எண் ஒன்று வேண்டுமானால், 2-ஐ எத்தனை முறை எடுப்பது, 5-ஐ எத்தனை முறை எடுப்பது என்று முடிவு செய்தால் போதும்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை 101 வழிகள், ஆக 101 × 101 = 10,201 வகுத்திகள், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இது ஒரு முழு வர்க்கம், ஏனென்றால் 10⁵⁰-இன் வர்க்கம். ஆனால் முழுக் கனம் அல்ல, 100 மூன்றால் வகுபடாதே. 7-ஆல் வகுத்தால் மீதி 4. 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் கொண்ட இரண்டடிமான முறையில் எழுதினால் 333 இலக்கம் வரும், அங்கேயும் கடைசியில் சரியாக 100 சுழியம் நிற்கும்; 2¹⁰⁰ உள்ளே இருப்பதால்தான் அது.

அக்கம்பக்கத்து எண்கள் இவ்வளவு எளியவை அல்ல. கூகோலில் 1 குறைத்தால் வருவது நூறு ஒன்பதுகள், 9-ஆலும் 11-ஆலும் வகுபடும். 1 கூட்டினால் 73-உம் 137-உம் வகுக்கும். கூகோலுக்கு அடுத்து வரும் முதல் பகா எண்ணைப் பிடிக்க 267 கூட்ட வேண்டும், அதைக் கண்டுபிடிக்கக் கணினி தேவை.

அப்புறம், கூகோல் எட்ட முடியாத தூரத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம். 70 புத்தகங்களை அலமாரியில் எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் என்று கணக்கிட்டால் அந்த எண்ணிக்கையே கூகோலைத் தாண்டிவிடும். 69 புத்தகம் என்றால் தாண்டாது.

தமிழில் என்ன சொல்வது? பழைய இலக்கியத்தில் தாமரை, வெள்ளம், ஆம்பல், சங்கம் என்று பேரெண்களுக்குப் பெயர்கள் உண்டு. தொல்காப்பியத்தில் இவ்வகைப் பெயர்களின் புணர்ச்சிக்குத் தனி விதியே இருக்கிறது. அவற்றில் ஒன்றை எடுத்து கூகோலுக்கு ஒட்டலாம் என்று சிலருக்குத் தோன்றலாம். வேண்டாம் என்பேன். அந்தப் பெயர்களின் மதிப்பே பட்டியலுக்குப் பட்டியல் மாறுகிறது, புதிதாக இன்னொரு மதிப்பைக் கொடுத்தால் குழப்பம்தான் கூடும். பொருளைச் சொல்ல ‘பத்தின் நூறாம் அடுக்கு’ போதும், பள்ளிப் பாடத்திலேயே பழகிய சொற்கள். பெயராகக் ‘கூகோல்’ என்றே எழுதலாம். சிறுவன் ஒருவன் புதிதாக உண்டாக்கிய ஒலி அது, ஆங்கிலத்திலும் அதற்கு வேறு பொருள் கிடையாது. இதே முறையில், ஒன்றுக்குப் பின் ஒரு கூகோல் சுழியங்கள் கொண்ட கூகோல்பிளெக்ஸ், ‘பத்தின் கூகோலாம் அடுக்கு’ ஆகும்.