படர்தாமரையின் உயிர் ஓரத்தில் இருக்கிறது

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். காசிமேட்டில் மீன் வெட்டுகிற வேலை. விடிவதற்கு முன் கிளம்பினால் மதியம்தான் வீடு. அதுவரை ஐஸ் தண்ணீரும் வியர்வையும் சேர்ந்து புடவையை நனைத்துக்கொண்டே இருக்கும். பாவாடை நாடா இறுகும் இடத்தில், இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை போல அவருக்குப் படர்தாமரை வந்திருந்தது. "என்னக்கா போடுறீங்க?" என்று கேட்டேன். "மெடிக்கல்ல ஒரு டியூப் குடுத்தாங்கப்பா. போட்டா ரெண்டே நாள்ல அடங்கிடுது, விட்டா திரும்ப வந்துடுது" என்றார். ஆறு மாதமாக இதே கதை.

அந்த டியூபில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் வட்டம் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

படர்தாமரை ஒரு பூஞ்சை. நம் தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அவற்றில் நிறைந்திருக்கும் கெரட்டின் என்ற புரதம்தான் அதன் உணவு. நகமும் முடியும்கூட கெரட்டின்தான், அதனால் அங்கேயும் வரும். பொதுவாக உயிருள்ள செல்களுக்குள் அது இறங்குவதில்லை. ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லாத அந்தக் காய்ந்த அடுக்குக்குள்ளேயே நூல் நூலாகக் கிளைத்து, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளியே நகர்கிறது. பின்னாலேயே நம் நோய் எதிர்ப்பு சக்தி துரத்திக்கொண்டு வருகிறது. நடுப்பகுதி ஆறத் தொடங்க, சண்டை ஓரத்துக்குப் போய்விடுகிறது. சிவந்து, சற்று மேடாக, செதில் உதிர்ந்து, அரிப்பெடுக்கிற அந்த ஓரம்தான் பூஞ்சை உயிரோடு இருக்கும் இடம்.

ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் சந்தேகம் வந்தால் ஓரத்தைத்தான் சுரண்டுவார்கள். மழுங்கிய பிளேடால் செதிலை எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விடுவார்கள். தோல் செல்கள் கரைந்து தெளிந்துவிடும். பூஞ்சையின் சுவரில் இருப்பது கைட்டின், இறால் ஓட்டில் இருக்கிற அதே பொருள், அது கரையாது. நுண்ணோக்கியில் கிளை பிரிந்த நூல்கள் தெளிவாகத் தெரியும். நடுவில் சுரண்டினால் பல நேரம் ஒன்றும் கிடைக்காது.

வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரை இல்லை. தேமல் வேறு வகைப் பூஞ்சை. தவிடு மாதிரி உதிரும், ஓரம் சிவந்து மேடாகாது. தொட்டால் உணர்ச்சியே தெரியாத வெளிர்ந்த திட்டு என்றால் அது தொழுநோயாக இருக்கலாம், தாமதிக்காமல் காட்டுங்கள். அதுவும் குணமாகிற நோய்தான்.

சரி, டியூபுக்கு வருவோம். அக்காவின் டியூபை வாங்கி எழுத்துகளைப் படித்தேன். பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசால் சேர்ந்திருந்தது. அது மிக வீரியமான ஸ்டீராய்டு. சிவப்பும் அரிப்பும் நம் உடல் நடத்துகிற சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், ஓரம் மங்கும். எதிர்ப்பார் இல்லாமல் பூஞ்சை பாட்டுக்குப் பரவும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும். தொடை இடுக்கில் விழும் வரிகள் அழியவே அழியாது. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற இந்த ஸ்டீராய்டுகளின் பெயர்களை நினைவில் வையுங்கள். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படியும் கேட்டால் கிடைக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

சரியான மருந்து வேறு விதமாக வேலை செய்கிறது. பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டீரால் என்ற கொழுப்பு வேண்டும். டெர்பினாஃபின் ஒரு இடத்திலும், இட்ராகோனசோலும் லுலிகோனசோலும் வேறொரு இடத்திலும் அதன் தயாரிப்பைத் தடுக்கின்றன. ஆனால் இப்போது இந்தியாவில் டெர்பினாஃபினுக்கு மசியாத ஒரு பூஞ்சை பரவியிருக்கிறது. மருந்து போய் ஒட்ட வேண்டிய நொதியின் வடிவம் அதில் லேசாக மாறியிருக்கிறது. 2020-ல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து உங்களுக்குக் கேட்காமல் போக இதுவும் ஒரு காரணம். இடம் பெரிதாக இருந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ, குழந்தையின் தலையில் வந்தாலோ மாத்திரை தேவைப்படும். கல்லீரல் கோளாறோ கர்ப்பமோ இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

களிம்பை ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வரை பூசுங்கள். நூல்கள் கண்ணுக்குத் தெரியாமல் அதுவரை போயிருக்கலாம். அரிப்பு நின்றதும் நிறுத்தாதீர்கள். பார்வைக்கு முழுதும் மறைந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடர வேண்டும்.

அப்புறம் துணி. உதிரும் செதிலில் பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அக்காவின் பாவாடையில் நாடா ஓடுகிற மடிப்பைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். உள்ளே இன்னும் ஈரம். வெயில் படாத இடம் அதுதான். நாடாவை உருவி, துணியைத் தனியாகக் கொதிநீரில் ஊறவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, மாடி வெயிலில் காயப்போடச் சொன்னேன். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற வீட்டில் இது லேசான காரியமில்லை. அதனால் எல்லாவற்றையும் சொல்லவில்லை; பாவாடை, உள்ளாடை, துண்டு, இந்த மூன்றை மட்டும். ஒரே துண்டை நாலு பேர் துடைத்துக்கொண்டிருந்தார்கள், அதையும் பிரித்தார்கள். மகனுக்கும் தொடையில் இருந்தது தெரிய வந்து, இருவரும் ஒன்றாகவே மருந்து எடுத்தார்கள்.

ஏழு வாரம் ஆனது. அக்காவின் இடுப்பில் இப்போது ஒரு கறுத்த தடம் இருக்கிறது. "இன்னும் போகலியேப்பா" என்று கவலைப்பட்டார். விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். செதில் இல்லை, மேடு இல்லை, அரிப்பு இல்லை. அது சண்டை நடந்த இடத்தில் தங்கிய நிறமி. பல மாதத்தில் தானே மங்கும். அதற்கென்று வேறு டியூப் எதுவும் வாங்க வேண்டாம் என்றேன்.