இறக்கத்தில் இறுகும் கைகள்

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இருபது வயதில் ஏற்காட்டிலிருந்து பிரேக்கை அதிகம் தொடாமலே சைக்கிளில் இறங்கியவன் நான். ஐம்பதைத் தாண்டியபின் ரோடு பைக் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) வாங்கி மறுபடி ஓட்டுகிறேன். இறக்கத்தில் வேகம் முப்பது கி.மீ.யைத் தொட்டாலே கை விறைத்துவிடுகிறது, வண்டியும் தடுமாறுகிறது. வயதுதான் காரணமா?"

வயதுக்குப் பங்கு உண்டு. உள்காதில் சமநிலையை உணரும் மயிர்ச்செல்கள் குறைகின்றன. கண் பார்த்ததற்குக் கை பதில் தர முன்னைவிடச் சற்று நேரமாகிறது. உடைந்த எலும்பு கூடவும் நாளாகும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பது பள்ளிப் பாடம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மோதுவது சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 40 கி.மீ. என்றால் ஆறு மீட்டருக்கும் மேல்! ஆக, பயம் போடும் கணக்கு சரிதான். ஆனால் கைக்கு அது கொடுக்கும் உத்தரவு தவறு. சைக்கிள் எப்படி விழாமல் ஓடுகிறது என்று பார்த்தால் இது புரியும்.

உள்ளங்கையில் துடைப்பக் குச்சியை நிறுத்தும்போது, குச்சி சாயும் பக்கமே கையை நகர்த்துகிறோம் அல்லவா? சைக்கிளும் அப்படித்தான். வலப்பக்கம் சாய்ந்தால் முன்சக்கரம் வலப்பக்கம் திரும்புகிறது. சக்கரங்கள் சாய்ந்த எடைக்கு அடியில் போய்ச் சேர்ந்து வண்டியை நிமிர்த்திவிடுகின்றன. இதில் என்னை எப்போதும் மயக்குவது, இந்தத் திருப்பத்தை வண்டி தானாகவே செய்கிறது என்பதுதான். ஆளில்லாத சைக்கிளை வேகமாகத் தள்ளிவிட்டுப் பாருங்கள், வேகம் குறையும்வரை விழாமல் ஓடும்.

ஏன்? சுழலும் சக்கரத்தின் கைரோஸ்கோப் விளைவுதான் (சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றவிடாத தன்மை) காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி அந்த விளைவை ஒழித்தபிறகும் சைக்கிள் ஓட்ட முடிந்ததை பிரிட்டிஷ் வேதியியலாளர் டேவிட் ஜோன்ஸ் 1970-இல் எழுதினார். முன்சக்கரம் தரையைத் தொடும் இடம், ஹேண்டில் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் இருப்பதே முக்கியம் என்றார் அவர். 2011-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த இரண்டுமே இல்லாத ஒரு வண்டியைச் செய்தார்கள். அதுவும் தானாக நிமிர்ந்து ஓடியது! அதில் ஹேண்டிலோடு சேர்ந்த எடை தாழ்வாகவும் முன்னாலும் இருந்தது. தாழ்ந்த எடை பின்பகுதியைவிட வேகமாகச் சாயப் பார்க்கும். அந்த அவசரமே ஹேண்டிலைச் சாயும் பக்கம் திருப்பிவிடுகிறது.

சைக்கிளுக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. மாணவர்களுக்கு அரசே இலவசமாகச் சைக்கிள் தரும் மாநிலம் நம்முடையது. நம் பொறியியல் கல்லூரிகளுக்கு இதற்குத் தாராளமாகப் பணம் கொடுக்க வேண்டும் என்பேன்.

இப்போது விறைத்த கைகளுக்கு வருவோம். முழங்கையை நீட்டி ஹேண்டிலை இறுகப் பிடித்தால், வண்டி செய்யவிருந்த அந்தச் சின்னச் சின்னத் திருப்பங்களைத் தடுத்துவிடுகிறோம். உடம்பின் நடுக்கமும் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. தடுமாற்றம் வருகிறது, அதைப் பார்த்துப் பயம் கூடுகிறது, பிடி இன்னும் இறுகுகிறது. முழங்கையை மடக்கி, எடையைப் பெடலில் இறக்கி, விரல்களைத் தளர்த்துங்கள். அப்புறமும் முன்பக்கம் படபடவென்று ஆடினால், முழங்காலால் மேல் பாரை அணைத்துக்கொண்டு மெல்ல வேகத்தைக் குறைத்தால் ஆட்டம் அடங்கும்.

கண்ணையும் தூர அனுப்ப வேண்டும். கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில், மூன்று மீட்டர் முன்னால் உள்ள தரை நொடிக்கு 85 பாகை (டிகிரி) வேகத்தில் கண்ணைக் கடக்கிறது. முப்பது மீட்டருக்கு அப்பால் உள்ள தரையோ நொடிக்கு ஒரு பாகைதான் நகர்கிறது. பயந்தவர் சக்கரத்துக்கு முன்னாலேயே பார்ப்பார், அதனால் உண்மையான வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாகப் போவதுபோல் தோன்றும்.

ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் ஒரே விதிதான். வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, வளைவுக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்து முடித்துவிடுங்கள். வளைவுக்குள் டயரின் பிடி முழுவதும் திரும்புவதற்கே வேண்டும்.