மேய்ப்பு நாய்க் குட்டிகளைப் பத்தாண்டுகள் ஏன் பின்தொடர வேண்டும்?

மேய்ப்பு நாய்களை இனவிருத்தி செய்பவர், எந்த ஆணை எந்தப் பெண்ணோடு இணை சேர்ப்பது என்பதை, அதற்கான சான்றுகளில் பாதி கைக்கு வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பார்டர் கோலி, கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் பெண் நாய் பெரும்பாலும் இரண்டு, மூன்று வயதில் முதல் ஈற்றை ஈன்றுவிடுகிறது. சினைக்காலம் சுமார் 63 நாட்கள். அடுத்த எட்டு வாரங்களில் குட்டிகள் புது வீடுகளுக்குப் போய்விடும். ஆனால் பரம்பரை வலிப்பு நோய் பொதுவாக ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில்தான் தலைகாட்டும். பின்னங்கால்களைச் செயலிழக்க வைக்கும் தண்டுவடத் தேய்வோ பெரும்பாலும் எட்டு வயதை ஒட்டியோ அதைத் தாண்டியோதான் வெளிப்படும். ஆகவே ஓர் இணை நல்ல இணைதானா என்ற கேள்விக்கான விடை, இனவிருத்தியாளரின் கண்ணெதிரே கிடைப்பதில்லை. பல ஊர்களில் சிதறியிருக்கும் வீடுகளில், பல ஆண்டுகள் கழித்தே உருவாகிறது.

இணை சேர்ப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளக்கூடியவையும் உண்டு. ஒற்றை மரபணுவின் பிறழ்வால் வரும் குறைகள் அத்தகையவை. கோலி இனத்தில் எம்டிஆர்1 என்ற மரபணுவில் டிஎன்ஏவின் நான்கு எழுத்துகள் விடுபட்டிருப்பது இவற்றில் மிகவும் அறியப்பட்டது. மூளையின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒரு புரதம் இடைவிடாமல் வேலை செய்கிறது. உள்ளே நுழையும் சில மருந்து மூலக்கூறுகளைப் பிடித்து மீண்டும் இரத்தத்துக்கே தள்ளிவிடுவதுதான் அதன் பணி. இந்த மரபணுவின் இரு பிரதிகளும் பிறழ்ந்த நாயில் அந்தப் புரதம் உருவாவதில்லை. சொறிக்காகத் தரப்படும் அதிக அளவு ஐவர்மெக்டின், வயிற்றுப்போக்குக்கான லோபரமைடு போன்ற மருந்துகள் அதன் மூளைக்குள் தேங்கி, தள்ளாட்டம், நடுக்கம், பார்வையிழப்பு, மயக்கம் என்று போய், சில வேளைகளில் சாவிலும் முடியும். 2001இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பிறழ்வை அடையாளம் கண்டார்கள். அந்நாட்டுக் கோலிகளில் பத்தில் ஏழு இதன் ஒரு பிரதியையாவது சுமக்கின்றன. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாலே முடிவு வந்துவிடும்.

முடிவு வந்ததும், பிறழ்வைச் சுமக்கும் எல்லா நாய்களையும் ஒதுக்கிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. அப்படிச் செய்தால் கோலி இனத்தில் பெரும்பகுதி இனவிருத்தியிலிருந்தே நீங்கிவிடும். அவற்றோடு அந்த நாய்களின் நல்ல மரபணுக்களும் போய்விடும். இரு பிரதிகளும் சேர்ந்தால் மட்டுமே நோய் தரும் ஒடுங்கு பிறழ்வுகளில், ஒரு பிரதியைச் சுமக்கும் நாயைப் பிறழ்வே இல்லாத நாயோடு இணை சேர்த்தால் குட்டிகளில் சராசரியாகப் பாதி பிறழ்வைச் சுமக்கும், ஒன்றும் நோயுறாது. அந்தக் குட்டிகளையும் சோதித்து, பிறழ்வில்லாதவற்றை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்வதே பொறுமையான, சரியான வழி. கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டிய இணைகளும் உண்டு. மெர்ல் எனப்படும் திட்டுத்திட்டான சாம்பல் நிறம் கொண்ட இரு நாய்களை இணைத்தால், சராசரியாகக் காற்பங்குக் குட்டிகளுக்கு அந்த மரபணுவின் இரு பிரதிகளும் வந்து சேரும். அவற்றில் பல செவிடாகவோ குருடாகவோ பிறக்கின்றன. இதைத் தெரிந்தே செய்பவர்களை இனவிருத்தியாளர் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

மரபணுச் சோதனை இருக்கும்போது கண் மருத்துவரிடம் குட்டிகளைக் காட்டுவது எதற்கு என்ற கேள்விக்கும் விடை உண்டு. கோலிக் கண் குறைபாட்டில் விழித்திரைக்கு அடியிலுள்ள இரத்தநாளப் படலம் ஓரிடத்தில் சரியாக வளராமல் வெளிறிக் கிடக்கும். ஆறு, ஏழு வார வயதில் கண்பாவையை விரித்துப் பார்த்தால், விழித்திரையில் நிறமி இன்னும் முழுமையாகப் படியாத அந்தக் கட்டத்தில், வெளிறிய திட்டும் அதன் குறுக்கே ஓடும் ஒழுங்கற்ற நாளங்களும் தெளிவாகத் தெரியும். சில மாதங்கள் போனால் நிறமி படிந்து திட்டை மூடிவிடும். நாய் நலமாகத் தோன்றும். உண்மையில் குறை மறைந்ததே தவிர மாறவில்லை. அது தன் குட்டிகளுக்கும் அந்தப் பிறழ்வைக் கொடுக்கும். குட்டிகள் வீட்டை விட்டுப் போகும் முன்பே கண் பரிசோதனையை முடிக்கச் சொல்வது இதனால்தான். இக்குறையின் கடுமை ஒரே ஈற்றுக் குட்டிகளிடையே வேறுபடுவதால், எந்தக் குட்டிக்கு எவ்வளவு என்பதை மரபணுச் சோதனை மட்டும் சொல்லிவிடாது.

சோதனைக்கு எட்டாத ஆபத்து, ஒரே ஆண் நாயை எல்லோரும் நாடிப் போவதில் இருக்கிறது. 1893இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாயின் அமைதியான மேய்க்கும் முறை பலருக்கும் பிடித்துப்போனது. எட்டாண்டுகளே வாழ்ந்த அதற்கு இருநூறுக்கும் மேற்பட்ட குட்டிகள் பிறந்தன. இன்றைய பார்டர் கோலிகளில் பெரும்பாலானவற்றின் வம்சாவளி அதில் போய் நிற்கிறது. அப்படிப்பட்ட ஒரு பொலிநாய், அதாவது இனவிருத்திக்குப் பயன்படும் ஆண் நாய், இதுவரை கண்டறியப்படாத ஓர் ஒடுங்கு பிறழ்வைச் சுமந்தால் என்ன ஆகும்? அதன் குட்டிகளில் பாதி அதைச் சுமக்கும். வெவ்வேறு தாய்களுக்குப் பிறந்த அதன் இரு குட்டிகளைப் பின்னர் இணைத்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் நோயுற 16இல் ஒரு வாய்ப்பு உண்டு. இத்தகைய நெருக்கத்தை அளக்கும் உட்கலப்புக் கெழுவை 1922இல் மரபியலாளர் சீவல் ரைட் வகுத்தார். ஒரே பெற்றோருக்குப் பிறந்தவற்றை இணைத்தால் குட்டிகளுக்கு அது 25 விழுக்காடு. தந்தை மட்டும் பொதுவானால் 12.5 விழுக்காடு.

இடுப்பு மூட்டுக் கோளாறோ இன்னும் சிக்கலானது. பல மரபணுக்களின் சிறுசிறு பங்கும் வளரும் சூழலும் சேர்ந்து அதை உருவாக்குகின்றன; எனவே பெற்றோரின் எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் குட்டிகளில் சிலவற்றின் மூட்டு தளர்ந்திருக்கலாம். 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுதும் கவனித்து 2002இல் வெளியான ஆய்வில், உடன்பிறப்பை விடக் காற்பங்கு குறைவாக உண்ட நாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. அவற்றுக்கு மூட்டுத் தேய்வும் தாமதமாகவே வந்தது. நார்வேயில் பெரிய உடலமைப்புள்ள இனங்களில் நடந்த ஆய்வு, மூன்று மாத வயதுக்குள் மாடிப்படிகளில் ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அவை மேய்ப்பு இனங்கள் அல்ல என்றாலும், ஒரு குட்டியின் மூட்டைப் பற்றிக் கேட்கும்போது அதன் எடையையும் வீட்டுப் படிகளையும் வழுக்கும் தரையையும் சேர்த்துக் கேட்காவிட்டால், குற்றத்தை மரபணுவின் மேல் போடுவதா வீட்டின் மேல் போடுவதா என்று பிரித்தறிய முடியாது.

இந்தக் கேள்விகளைக் கேட்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். சொந்தக்காரர்கள் தாமாக எழுதும்போது மட்டும் குறித்துவைத்தால், கிடைக்கும் படம் கோணலானது. சிலர் நோய் வந்ததும் எழுதுவார்கள், சிலர் நாய் நலமாக இருக்கும்வரை மட்டும் எழுதி, பிறகு மனவருத்தத்தில் மௌனமாகிவிடுவார்கள். எட்டுக் குட்டிகளில் இரண்டுக்கு வலிப்பு என்பதும், செய்தி தெரிந்த மூன்றில் இரண்டுக்கு வலிப்பு என்பதும் ஒன்றல்ல. ஆகையால் ஓர் ஈற்றின் எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே வயதில், ஒரே கேள்விகளை அனுப்ப வேண்டும். பதில் வராததை நலம் என்று கொள்ளாமல் தெரியாது என்றே பதிய வேண்டும். ஓராண்டில் எடையும் எக்ஸ்ரேயும், மூன்றாம் ஆண்டில் வலிப்பும் தோல் நோயும், எட்டாம் ஆண்டில் நடையும் செவியும், கடைசியில் இறந்த வயதும் காரணமும் கேட்டாக வேண்டும். உடலில் பொருத்திய மைக்ரோசிப்பின் 15 இலக்க எண், நாய் கைமாறினாலும் பதிவு அறுந்துபோகாமல் காக்கிறது.

நடத்தையும் அந்தப் பதிவில் இடம்பெற வேண்டும். ஓநாயின் வேட்டையில் உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கடிப்பது, கொல்வது என்று ஒரு வரிசை உண்டு. பார்டர் கோலியில் முதல் மூன்றும் இனவிருத்தியாளர்களின் தெரிவால் வலுப்பெற்று, கடைசி இரண்டும் அடக்கப்பட்டிருக்கின்றன. ஆடு இல்லாத வீட்டில் அதே நாய் சைக்கிளையும் ஓடும் குழந்தையையும் மடக்கப் பார்க்கும். அதைக் கோளாறாகப் பதிவது பிழை. உரத்த ஒலிக்கு மணிக்கணக்கில் நடுங்கி ஒளிவது வேறு விஷயம். அதைப் பதிய வேண்டும். குட்டிகள் உலகத்தோடு பழகும் முக்கியமான பருவம் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம்வரை என்பதால், அதன் முதற்பகுதி பிறந்த வீட்டிலும் பிற்பகுதி புது வீட்டிலும் கழிகிறது. அச்சத்தின் காரணத்தைத் தேடுபவர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் ஒரு குட்டிக்கு வலிப்பு என்று செய்தி வந்தால், முதல் வேலை கால்நடை மருத்துவர் மூலம் நச்சு, ஈரல் நோய், தலைக்காயம் ஆகியவற்றை விலக்குவது. பரம்பரை வலிப்பு என்று உறுதியானால் அந்த இணையை மீண்டும் சேர்க்காமல், பொலிநாயின் உரிமையாளருக்கும் உடன்பிறந்த குட்டிகளின் வீட்டாருக்கும் சொல்லிவிட வேண்டும். ஒரே பொலிநாய்க்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்த ஈற்றுகளிலும் வலிப்பு தெரிந்தால், ஐயம் அதன் மேல் கூடும். இதற்காகவே அனுபவசாலிகள் சிலர் போட்டிகளில் வென்ற இளம் நாயை விட்டுவிட்டு, ஐந்தாறு வயதைக் கடந்து நலமாக உழைக்கும், மூத்த பிள்ளைகளின் பதிவும் கையிலுள்ள ஆணைத் தேடிப் போகிறார்கள். உறைவிந்துச் சேமிப்பு வந்த பிறகு இன்னும் காத்திருக்கவும் முடிகிறது: இரண்டு வயதில் எடுத்து வைத்த விந்தை, அந்த நாய் பத்து வயதில் எப்படி நடக்கிறது என்று பார்த்த பிறகு பயன்படுத்தலாம்.