நகல் எடுத்தாயா, கண்ணு?

சோமனூரிலிருந்து ஒரு தறிக்காரர் மகனோடு கடைக்கு வந்தார். மஞ்சள் பையில் எக்ஸ்பாக்ஸ் 360, மேல்மூடி இல்லாமல். "திறந்து பார்த்தேன் அண்ணா, அவ்வளவுதான்" என்றான் பையன். மதர்போர்டில் ஒரு பேட், அதாவது கம்பி பற்றவைக்கும் செப்புப் புள்ளி, தடத்தோடு பெயர்ந்து தொங்கியது. திறந்து பார்ப்பதால் மட்டும் பேட் பெயராது.

கோவையில் கேம் கன்சோல் பழுது பார்க்கும் எனக்கு இது பழகிய காட்சி. உள்ளிருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தைத் தொட ஆசைப்பட்டு, காணொளி பார்த்துக் கம்பி பற்றவைக்கிறார்கள். ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் கற்றேன். அதில் புதிதாக எழுதுவதற்கு முன், உள்ளே இருப்பதைப் படித்து நகலாக வைக்காததைத்தான் பொறுக்க முடியவில்லை.

2005இல் வந்த இந்தப் பெட்டியின் தொடக்க மாடல்கள் பலவற்றில் அந்த நினைவகம் வெறும் 16 எம்.பி. கல்யாண வீடியோவில் ஒரு நிமிடத்துக்குக்கூடக் காணாது. ஆனால் பெட்டி விழித்தெழுவதற்கான மென்பொருளும், அதற்கே உரிய அடையாளப் பகுதியும் அதில்தான் இருக்கின்றன. செயலிக்குள் பதித்த சாவியால் அது பூட்டப்பட்டிருக்கிறது. பெட்டிக்குப் பெட்டி சாவி வேறு. டிவிடி டிரைவை மதர்போர்டோடு பிணைக்கும் சாவியும் அந்த அடையாளப் பகுதிக்குள்தான் அடக்கம். அதனால் ஒருவனுடைய நினைவகத்திலிருந்து நகலெடுத்த கோப்பு இன்னொருவனுக்கு உதவாது. இவனோ நண்பனின் கோப்பை அப்படியே தன் பெட்டியில் எழுதிவிட்டு, கம்பியைப் பிடுங்கும்போது பேட்டையும் பிடுங்கியிருந்தான்.

"உன்னுடைய பழைய நகல் எடுத்தாயா, கண்ணு?"

தலை குனிந்தது.

நான் குறைந்தது இரண்டு முறை படிப்பேன். இரண்டு கோப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் முதலில் என் பற்றவைப்பையே சந்தேகப்படுவேன். ஈயம் கலக்காத சாலிடர் உருக அதிகச் சூடு வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்த முடியாத மலிவு சாலிடரிங் அயர்னை அழுத்திப் பிடித்தால் பேட் கையோடு வந்துவிடும். வீட்டில் எர்த் சரியில்லாவிட்டால், நினைவகத்தைப் படிக்கும் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டுவது நல்லது. தறி ஓடும் தெருக்களில் மின்னழுத்தம் ஆடும் ஆட்டத்தைச் சொல்லவே வேண்டாம். எழுதும்போது மின்சாரம் போனால் பாதி எழுதிய நினைவகம்தான் மிஞ்சும். பிளேஸ்டேஷன் 4 போல மின்வழங்கி உள்ளேயே இருக்கும் பெட்டிகள் இன்னும் மோசம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கியில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

திருட்டு விளையாட்டு போட்டுத் தரச் சொல்லி வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட மென்பொருள் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை.

பெயர்ந்த தடத்துக்குப் பதிலாக ஜம்பர் கம்பி போட்டு, சுற்றுவழியில் பெட்டியை எழுப்பிவிட்டேன். டிஸ்க்கை மட்டும் டிரைவ் ஏற்கவில்லை. அதன் சாவி அழிந்த 16 எம்.பி.யோடு போய்விட்டது.

"டிஸ்க் ஓடவே ஓடாதுங்களா?" என்று இரண்டு முறை கேட்டார் அப்பா. பையன் பென் டிரைவை நீட்டி, "இந்தக் கோப்பால்தானே எல்லாம், அழித்துவிடட்டுமா அண்ணா?" என்றான். நண்பன் தனக்கென ஒரு நகல் வைத்திருக்கிறானா என்று கேட்டேன். தெரியாது என்றான். அழிக்காமல் கொண்டுபோய் அவனிடமே கொடுக்கச் சொன்னேன்.