என்குளோஷர்: அடைப்பா, உறையா, கூடா?

"அடைப்பைத் திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிக்கவும்." மின்கருவிகளோடு வரும் தமிழ்க் கையேடுகளில் இந்த மாதிரி வாக்கியம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. சாக்கடைக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். சொல்ல வந்ததோ என்குளோஷர்: மின்சுற்றையோ கருவியையோ உள்ளே வைத்து, தூசியும் தண்ணீரும் ஆளின் கையும் அண்டாமல் காக்கும் பெட்டி.

மூலம் லத்தீன், 'மூடு' என்று பொருள்படும் வினை, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் பொது நிலங்களை வேலி போட்டு வளைத்ததற்கும் இதே சொல்தான். அங்கே 'அடைப்பு' சரி. நாமும் வேலி அடைப்பதாகத்தானே சொல்கிறோம். அகராதியில் அந்த ஒரு பொருளைப் பார்த்ததுமே மொழிபெயர்ப்பாளர் எழுந்து போய்விட்டார் போலும்.

மாரடைப்பு, மூக்கடைப்பு, குழாய் அடைப்பு: இன்றைக்கு 'அடைப்பு' என்றால் நீக்க வேண்டிய தொல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்தப் பெட்டிகளில் கேபிள் நுழையத் துளைகள் இருக்கும். கேபிள் வரும் துளையில் கிளாண்டு, அதாவது கேபிளைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் திருகு வளையம், போட்டு இறுக்க வேண்டும். வராத துளையை அடைத்துவிட வேண்டும். பெட்டியில் 'ஐ.பி. 65' என்ற பாதுகாப்புக் குறியீடு இருந்தால், 6 தூசி புகாது என்பதற்கு, 5 பீய்ச்சியடிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு. ஒரு துளை திறந்து கிடந்தால் இரண்டும் போச்சு. இந்த லட்சணத்தில் 'அடைப்பைத் திற' என்றால் எலக்ட்ரீஷியன் எதைத் திறப்பார்? கதவையா, துளையில் செருகிய மூடியையா?

'உறை' கொஞ்சம் தேவலாம். ஆனால் தலையணை உறை, கத்தி உறை எல்லாம் உள்ளிருக்கும் பொருளை ஒட்டியே கிடப்பவை. இங்கே கம்பிகளுக்கும் காற்றுக்கும் இடம் விட்டாக வேண்டும். 'காப்புப்பெட்டி' என்றால் மின்காப்பு, அதாவது இன்சுலேஷன், என்று நினைத்துவிடுவார்கள். இரும்புப் பெட்டிக்கு எர்த் கொடுக்காமல் விட அது ஒன்று போதும்.

என் ஓட்டு 'கூடு'. மைக்கூடு, நத்தைக்கூடு என்று புழங்கிய சொல். உள்ளே இடம் இருப்பதையும், உள்ளே இருப்பதைக் காப்பதையும் சேர்த்தே சொல்கிறது. கருவிக்கூடு என்று எழுதலாம். கதவு வைத்த சாதாரணப் பெட்டிக்குப் 'பெட்டி' போதும், மீட்டர் பெட்டி மாதிரி. பட்டறையில் 'பேனல் பாக்ஸ்' என்பார்கள். அதை அப்படியே எழுதினாலும் யாருக்கும் ஷாக் அடிக்காது.