அமெரிக்கக் குழாய்த் தண்ணீர்: வரம்பு வைப்பது இபிஏ, கேள்வி கேட்பது காங்கிரஸ்

அமெரிக்காவில் குழாய்த் தண்ணீரில் எந்த நச்சுப் பொருள் எவ்வளவு வரை இருக்கலாம் என்பதைப் பொதுவாகக் காங்கிரஸ் (அந்நாட்டு நாடாளுமன்றம்) முடிவு செய்வதில்லை. 1974-ல் வந்த பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் அந்த வேலையைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் (இபிஏ) விட்டுவிட்டது. ஆனால் எந்த முறையில், எந்தக் கெடுவுக்குள், எவ்வளவு நிதியில் என்பதெல்லாம் காங்கிரஸின் கையில்தான்.

இபிஏ மெத்தனம் காட்டுகிறது என்று 1986-ல் 83 பொருட்களுக்கு வரம்பு வைக்கக் கெடு விதித்தார்கள். அதன்பின் மூன்று ஆண்டுக்கு 25 பொருள் வீதம் சேர்த்துக்கொண்டே போக வேண்டுமாம்! அது ஒத்துவரவில்லை, 1996-ல் நீக்கினார்கள். பதிலுக்கு, செலவையும் பலனையும் கணக்குப் பார்க்க வேண்டும், ஆறு ஆண்டுக்கு ஒருமுறை பழைய வரம்புகளை மறுபடி ஆராய வேண்டும் என்றார்கள். அப்படித் திருத்தும்போது மக்களுக்கு இருக்கும் பாதுகாப்பு குறையக் கூடாது என்றும் சேர்த்தார்கள். அந்தத் திருத்தத்திலேயே உருப்படியான வரி இதுதான் என்பேன்.

ஆர்செனிக் என்ற நச்சுப் பொருளின் விவகாரத்தைப் பாருங்கள். 1942 முதல் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்றிருந்த வரம்பை 2001 ஜனவரியில் இபிஏ 10 ஆக்கியது. அதே மாதம் ஆட்சி மாறியது, விதி நிறுத்திவைக்கப்பட்டது. ஜூலையில் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபை, வரம்பைத் தளர்த்தக் கூடாது என்று நிதி மசோதாவில் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. அக்டோபரில் 10 தான் என்று அரசே அறிவித்துவிட்டது. 2006 ஜனவரியில் அது கட்டாயமானது.

காங்கிரஸ் எதிர்த்திசையிலும் போகலாம். புதிய விதி ஒன்று பிடிக்கவில்லை என்றால், இரு அவைகளும் தீர்மானம் போட்டு, அதிபரும் கையெழுத்திட்டால் விதி ரத்து. கிட்டத்தட்ட அதே விதியை, புதுச் சட்டம் வராமல், மறுபடி கொண்டுவரவும் முடியாது.

அப்புறம் காங்கிரஸ் நடத்தும் விசாரணைகள். வெறும் சத்தம் என்று பலர் ஒதுக்குவார்கள், பாதி உண்மையும்கூட. ஆனால் பிளின்ட் நகரக் குழாய்களில் ஈயம் கலந்த விவகாரத்தில் 2016 மார்ச்சில் மிச்சிகன் ஆளுநரையும் இபிஏ தலைவரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே, ஈயம் அதிகமானதை உள்ளூர் நிர்வாகமும் மாநிலமும் மக்களுக்குச் சொல்லாவிட்டால் இபிஏ தானே சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்தது.

சரி, நமக்கு என்ன கிடைக்கிறது? ஆண்டு முழுக்க மக்கள் குடியிருக்கும் ஊர்களுக்குத் தண்ணீர் தரும் அமைப்பு, ஆண்டுதோறும் ஜூலை 1-க்குள் தண்ணீரின் தர அறிக்கையைத் தர வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் எச்சரிக்கை வர வேண்டும். அறிக்கை வராவிட்டால் தண்ணீர் நிறுவனத்தைக் கேளுங்கள். அங்கே பதில் இல்லையென்றால் மாநிலக் குடிநீர்ப் பிரிவு. வீட்டுக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இவை எதுவும் பொருந்தாது. அந்தத் தண்ணீரைத் தாங்களேதான் சோதித்துக்கொள்ள வேண்டும்.