சட்டைப்பையில் கிடக்கும் போனுக்கு நெரிசல் எப்படித் தெரிகிறது?

கிருஷ்ணகிரி ஐந்து ரோடு ரவுண்டானா அருகே ஒரு போன் 4 நிமிடமாக நகரவில்லை என்கிறது ஜிபிஎஸ். வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டதா, ஓட்டுபவர் ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்கிறாரா? இரண்டிலும் வேகம் பூஜ்யம்தான். போனில் இருக்கும் மற்ற உணரிகளையும் (சென்சார்கள்) கேட்டால்தான் விடை கிடைக்கும். மைக்ரோசாஃப்டின் இந்திய ஆய்வுப் பிரிவு 2008-ல் வெளியிட்ட 'நெரிசெல்' என்ற அமைப்பு இந்த வழியில்தான் போனது. நம் 'நெரிசல்' என்ற சொல்லை வைத்து விளையாடிய பெயர் அது.

முதல் உணரி முடுக்கமானி, அதாவது வேகம் மாறுவதையும் குலுக்கலையும் அளப்பது. சும்மா மேசையில் கிடந்தாலும் அது புவியீர்ப்பால் 9.8 என்று காட்டிக்கொண்டே இருக்கும் (அலகு மீட்டர்/விநாடி²). சிக்கல் என்னவென்றால், போன் சட்டைப்பையில் தலைகீழாகவும் இருக்கலாம், டேஷ்போர்டில் சாய்ந்தும் கிடக்கலாம். அதன் 'மேலே'யும் வண்டியின் 'மேலே'யும் ஒன்றல்ல. எனவே வண்டி சீராக ஓடும்போது சில விநாடி அளவீடுகளின் இடைநிலை மதிப்பை எடுத்தால் புவியீர்ப்பின் திசை, அதாவது 'கீழே' எது என்பது கிடைக்கும். 'முன்னே' எது என்பதற்கு ஒரு பிரேக்கோ வேகமெடுப்போ வர வேண்டும். 36 கிமீ வேகத்தில் வந்த வண்டி 5 விநாடியில் நின்றால் முடுக்கம் 2. அந்த நேரத்தில் ஜிபிஎஸ்ஸும் வேகம் குறைவதைக் காட்டினால், அந்த 2 எந்தத் திசையில் பதிவானதோ அதுதான் வண்டியின் முன்பின் அச்சு. நடுவில் யாராவது போனைக் கையில் எடுத்தால் கணக்கு கெட்டது, மறுபடி முதலிலிருந்து.

மலைப்பாதை வேறு தொல்லை. தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்தில், 100 மீட்டருக்கு 3 மீட்டர் இறங்கும் சாய்வென்றால், வண்டி ஒரே வேகத்தில் போனாலும் முன்பின் அச்சில் சுமார் 0.3 தெரியும். லேசான பிரேக் போலவே இருக்கும். இறக்கத்திலேயே 'கீழே'யைக் கணக்கிட்டால் அந்தச் சாய்வும் அதில் கலந்துவிடும், சமதளம் வந்ததும் பிழை எதிர்ப்பக்கம் திரும்பும்.

இதே முடுக்கமானியால் சாலைப் பள்ளத்தைப் பிடிப்பது சுலபம் என்று தோன்றும். 30 கிமீ வேகத்தில் அரை மீட்டர்க் குழியைச் சக்கரம் 0.06 விநாடியில் தாண்டிவிடுகிறது. விநாடிக்கு 10 முறை அளக்கும் ஆப் பத்துக்கு நாலு தடவை அதைப் பார்க்கவே பார்க்காது. 50 முறை என்றால் 3 புள்ளி கிடைக்கும். 100 இருந்தால் நிம்மதி. வேகத்தில் குழி கூர்மையான உச்சியாகப் பதியும், ஊர்ந்து போனால் சற்று நேரம் நீடிக்கும் தாழ்வாகப் பதியும். இரண்டுக்கும் ஒரே வரம்பு வைத்தால் ஏதாவது ஒன்று தப்பிவிடும்.

டீக்கடைக் கேள்விக்குப் பதில் மைக்கில் இருக்கிறது. நிற்கும் வண்டியைச் சுற்றி விடாமல் ஹாரன் அடித்தால் அது நெரிசல். கார், பைக் ஹாரன்களின் ஆற்றல் 2,500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை கூர்மையான முட்களாக நிற்கும். ஒலியைப் பதிந்து அனுப்பத் தேவையில்லை. போனிலேயே எண்ணி, எண்ணிக்கையை மட்டும் அனுப்பலாம், பேச்சு வெளியே போகாது. லாரியின் ஏர் ஹாரன் அடித்தொனி சில நூறு ஹெர்ட்ஸ்தான் என்பதால் நெடுஞ்சாலையில் தேடும் அதிர்வெண் பட்டையைக் கீழேயும் விரிக்க வேண்டும். கண்ணாடி ஏற்றிய காரில் சத்தம் அமுங்கும், அங்கே வரம்பைத் தாழ்த்த வேண்டும்.

பேட்டரியைத் தின்பது ஜிபிஎஸ். ஆகவே முடுக்கமானியை ஓடவிட்டு, சந்தேகம் வந்தால் மட்டும் ஜிபிஎஸ்ஸை எழுப்புவார்கள்.

எத்தனை வண்டி என்ற எண்ணிக்கையிலும் ஏமாறலாம். தர்மபுரி டவுன் பஸ்ஸில் 40 போன் இருந்தால் அது 40 வண்டி அல்ல. ஒரே இடம், ஒரே வேகம், ஒரே நேரத்துக் குலுக்கல் என்றால் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பைக்கோ நேர் எதிர்: லாரிகள் நிற்க, அது ஓரமாக நுழைந்து போய்விடும், சாலை காலி என்று போக்குவரத்து வரைபடம் நம்பிவிடும். எஞ்சின் அதிர்வை வைத்துப் பைக்கைப் பிரிக்கலாம். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 50 அதிர்வு. ஆனால் அதை விநாடிக்குச் சரியாக 50 முறை அளந்தால், ஒவ்வொரு முறையும் அதிர்வின் ஒரே கட்டத்தில் விழுந்து, எஞ்சின் அணைந்து கிடப்பது போலவே தெரியும். 100-க்கு மேல் அளந்தாலும் போன் ஹேண்டிலில் மாட்டியிருந்தால்தான் தெளிவு. சட்டைப்பையில் இருந்தால் அதிர்வில் ஒரு பகுதியை ஓட்டுபவரின் உடம்பே வாங்கிக்கொள்கிறது.